பேனட்டுக்குள் மழைத் தண்ணீர் போய் கார் மிஸ் அடிக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை ஆரம்பித்துவிட்டால் வட சென்னையில் பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர், திருவொற்றியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். போனிலும் நேரிலும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். வண்டி இப்போதுதான் தண்ணீரில் நின்றது என்றால் மற்றதை அப்புறம் பார்க்கலாம், மூன்றாவது கேள்வியை முதலில் படியுங்கள்.

மிஸ் அடிக்குது, மிஸ் அடிக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா என்ன? எனக்கு வண்டி ஆடுற மாதிரிதான் தெரியுது.

இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் தன் முறை வரும்போது பெட்ரோலை எரித்து பிஸ்டனைத் தள்ள வேண்டும். ஏதாவது ஒன்று எரிக்காமல் விட்டால் அந்த முறை காலியாகப் போகும். அதுதான் மிஸ். சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் கியர் ராடும் விட்டு விட்டு உதறும். சைலன்சர் சத்தம் சீராக இல்லாமல் அறுந்து அறுந்து வரும். மேம்பாலம் ஏறினால் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இருக்காது. மூன்று சிலிண்டர் வண்டிகளில் ஒன்று போனாலே மூன்றில் ஒரு பங்கு பலம் போகிறது, அதனால் உதறல் இன்னும் பலமாக இருக்கும்.

தண்ணி பட்டா ஏன் மிஸ் அடிக்கணும்? பேனட்டுக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி படத்தானே செய்யும்?

படும். பட்ட இடம் எது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இக்னிஷன் காயில் பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றி பிளக்குக்கு அனுப்புகிறது. அந்த மின்சாரம் பிளக்கின் நுனியில் இருக்கும் சின்ன இடைவெளியைத் தாண்டினால்தான் பொறி வரும். பக்கத்தில் ஈரம் இருந்தால் அதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடைத்துவிடுகிறது. ஈரத்தின் மேலேயே ஓடி இன்ஜின் உடம்பில் இறங்கிவிடும், சிலிண்டருக்குள் பொறி வராது. நம் தெருக்களில் தேங்குவது சுத்தமான மழைத் தண்ணீர் இல்லை. சேறு, உப்பு, சாக்கடை எல்லாம் கலந்தது. அது மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும்.

இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றில் பிளக் ஒரு ஆழமான குழிக்குள் இருக்கும், காயில் அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கும். இடையில் பூட் என்கிற ரப்பர் உறை. அந்தக் குழிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் தானாக வெளியே வராது, காற்றும் உள்ளே போகாது. இன்ஜின் வெளியே முழுக்கக் காய்ந்த பிறகும் சில வண்டிகள் நாள்கணக்கில் மிஸ் அடிப்பது இதனால்தான்.

கணேசபுரம் சுரங்கப்பாதைல நின்னுடுச்சு அண்ணே. மறுபடியும் செல்ஃப் அடிச்சுப் பார்க்கவா?

வேண்டாம். ஒரு தடவைகூட வேண்டாம். இன்ஜின் தண்ணீரில் நின்றது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, மின்சாரப் பக்கம் எங்கோ நனைந்திருக்கும். அது பெரிய விஷயம் இல்லை. இன்னொன்று, காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். 1200 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 300 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 30 மில்லிதான், இரண்டு மேசைக்கரண்டி. காற்றை அவ்வளவுக்கு அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அதைவிடக் கொஞ்சம் அதிகத் தண்ணீர் உள்ளே இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் பிளாக்கே உடையும். ஆயிரங்களில் முடிந்திருக்க வேண்டிய செலவு லட்சத்துக்குப் போவது இந்த இடத்தில்தான்.

சாவியை அணைத்து, நியூட்ரலில் போட்டு, மேட்டுக்குத் தள்ளுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், பெரும்பாலான வண்டிகளில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டரும் பெட்டியின் அடிப்பக்கமும் காய்ந்திருந்தால் மூச்சு விடலாம். ஃபில்டர் நனைந்திருந்தாலோ, ஃபில்டரைத் தாண்டிப் போகும் குழாயில் ஈரமோ சேறோ இருந்தாலோ, அதற்கு மேல் மெக்கானிக் இல்லாமல் தொடாதீர்கள். எல்லா பிளக்குகளையும் கழற்றி, காயில் கப்ளர்களை (ஒயரை மாட்டும் பிளாஸ்டிக் இணைப்புகளை) பிரித்து, ஃபியூல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, முதலில் கிராங்க் புல்லியை ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்ற வேண்டும். தடையில்லாமல் சுற்றினால் அப்புறம் செல்ஃப். உள்ளே இருக்கும் தண்ணீர் பிளக் ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும், எதிரே முகத்தை நீட்டாதீர்கள். தண்ணீர் வந்திருந்தால் ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டுச் சுற்றிவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது, நனைந்த சிலிண்டர் சுவர் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தாலோ, அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலும் ஃபில்டரும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஹைப்ரிட், மின்சார வண்டி என்றால் ஆரஞ்சு நிற ஒயர்கள் எதையும் தொடாமல் கம்பெனி சர்வீஸைக் கூப்பிடுங்கள்.

பசங்க தள்ளி விடுறேன்னு வர்றாங்க. செகண்ட் கியர்ல போட்டு தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

கூடாது. மேலே சொன்ன அதே ஆபத்துதான். செல்ஃப் மோட்டார் சுற்றினாலும் சக்கரம் சுற்றினாலும் பிஸ்டனுக்கு ஒன்றுதான். தள்ளிவிட வரும் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லி, நியூட்ரலில் மேடு வரைக்கும் தள்ளச் சொல்லுங்கள். அங்கிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டி நல்லது. அது கிடைக்காமல் கயிறு கட்டி இழுப்பதென்றால் முழு தூரமும் நியூட்ரலிலேயே வரவேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவே இழுக்காதீர்கள்.

தண்ணி முழங்காலுக்குக் கீழதான் இருந்துச்சு, பம்பர்கூட முழுகல. எப்படி உள்ள போயிருக்கும்?

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் நம்மோடு ஓடுவது கன்டெய்னர் லாரிகள். தேங்கிய தண்ணீரில் ஒரு லாரி எதிரே வந்தால் அது எழுப்பும் அலை, தண்ணீரின் மட்டத்தைவிட எவ்வளவோ மேலே ஏறி உங்கள் முன் கிரில்லில் அடிக்கும். பல கார்களில் காற்று இழுக்கும் வாய் அந்தக் கிரில்லுக்குப் பின்னால், ஹெட்லைட் மட்டத்தில்தான் இருக்கிறது. உங்கள் வேகமும் ஒரு அலையை உண்டாக்கும். நனைந்த ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்போது தண்ணீரை அள்ளி இன்ஜின் முழுக்கத் தெளிக்கும்.

சக்கரத்தின் நடு அச்சுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள். இறங்கியே ஆகவேண்டும் என்றால் முதல் கியரில், ஒரே சீராக, எதிரே லாரி இல்லாத நேரம் பார்த்துப் போங்கள்.

ஏர் ஃபில்டர் காய்ஞ்சுதான் இருக்கு. வண்டி ஓடுது, ஆனா மிஸ் அடிக்குது. வீட்டிலேயே நான் என்ன பண்ணலாம்?

நிறையச் செய்யலாம், மெக்கானிக் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்ஜின் ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். இன்ஜின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுங்கள். காயில்களுக்கு 1, 2, 3, 4 என்று மார்க்கரில் எண் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். கப்ளரின் லாக்கை அமுக்கிப் பிரித்து, போல்ட்டைக் கழற்றி, காயிலை நேராக மேலே இழுங்கள். பூட் ஈரமாக இருக்கிறதா, குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இங்கே பலரும் அவசரப்படுகிறார்கள். குழியில் தண்ணீர் இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் அந்தத் தண்ணீர் முழுவதும் நேராக சிலிண்டருக்குள் இறங்கும், மணலும் சேர்ந்து இறங்கும். பிளக் அதன் இடத்திலேயே இருக்க, முதலில் குழியைக் காய வையுங்கள். துணி சுற்றிய குச்சியோ ஊசி போடாத பெரிய சிரிஞ்சோ கொண்டு தண்ணீரை எடுத்து, காற்று அடித்து, அடி முழுக்கக் காய்ந்தபின்தான் பிளக் சாக்கெட்டைப் போட வேண்டும். பிளக்கைக் கழற்றி நுனியையும் வெள்ளைப் பீங்கானையும் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப மாட்டும்போது விரலால் சுற்றி முழுக்க ஏற்றிவிட்டு, கடைசியில்தான் ஸ்பேனர். சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை கோணலாக ஏறினால் பெரிய வேலை. காயிலின் ரப்பர் பூட் உள்வாயில் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவி மாட்டினால் அடுத்த மழைக்கு ஈரம் உள்ளே ஏறாது.

அப்புறம் கண்ணில் படும் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து, காயவிட்டு, 'க்ளிக்' சத்தம் கேட்கும்படி மாட்டுங்கள். ஃப்யூஸ் பெட்டியின் அடிப்பக்கத்தையும் மறக்க வேண்டாம்.

பஞ்சர் கடைல காத்து அடிச்சுக்கலாமா? ஹேர் டிரையர்? இல்ல வெயில்ல விட்டா போதுமா?

பஞ்சர் கடைக் காற்று நல்ல வழி. ஆனால் மழைக்காலத்தில் கம்ப்ரசர் டேங்கின் அடியிலேயே தண்ணீர் தேங்கியிருக்கும். அடி வால்வைத் திறந்து வடித்துவிட்டு, முதலில் தரையில் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்து, காற்று மட்டும் வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குழியில் அடிக்கும்போது கண்ணை மறைத்துக்கொள்ளுங்கள், சேறு திரும்பி மேலே வரும். ஹேர் டிரையர் மிதமான சூட்டில் போதும். ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்தால் கப்ளர் பிளாஸ்டிக் உருகும்.

பேனட்டைத் திறந்து வெயிலில் விடுவது கூடவே செய்ய வேண்டியது. அது மட்டும் போதாது, பிளக் குழிக்குள் வெயில் போகாது.

எர்ணாவூர்ல இருக்கேன். ஆத்துத் தண்ணியே தெருவுக்குள்ள வந்துடுச்சு. அதுவும் காய வச்சா சரியாயிடுமா?

உங்கள் பக்கம் காய வைப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை கழுவுவது. கொசஸ்தலை முகத்துவாரத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் கடல் தண்ணீர் ஏறி இறங்கும். அந்தத் தண்ணீர் காய்ந்தால் உப்பு அப்படியே தங்கிவிடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடி கடத்த ஆரம்பிக்கும், கப்ளர் பின்களைப் பச்சை பூத்துத் தின்றுவிடும். கழற்றக்கூடிய பூட், கப்ளர், ஏர் பெட்டி ஆகியவற்றை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் காய வையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். மீஞ்சூர் தொடங்கி நம் கரையோரம் நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவி பல காலம் ஆகிறது, பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். சென்சார்களைத் தண்ணீரில் முக்காமல் கான்டாக்ட் கிளீனரால் மட்டும் கழுவுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கலந்து எண்ணூர், எர்ணாவூர் வீடுகளுக்குள் வந்ததை நாம் பார்த்தோம். அப்படி எண்ணெய் படிந்த வண்டியில் பூட், பெல்ட், ஹோஸ் எல்லாம் ஊறி உப்பிவிடும். அவற்றைச் சுத்தம் செய்து ஓட்டுவதைவிட மாற்றிவிடுவதே நல்லது.

டபிள்யூடி-40 அடிச்சா உடனே சரியாயிடும்னு சொல்றாங்களே?

ஈரத்தை விரட்டத்தான் அது. பழைய வண்டியின் பிளக் ஒயர்களில் அடித்தால் பல நேரம் உடனே ஸ்டார்ட் ஆகும். ஆனால் அது எண்ணெய்ப் படலம் ஒன்றை விட்டுப்போகும், அதில் தூசி ஒட்டும். அவசரத்துக்கு அடிக்கலாம், பிறகு கான்டாக்ட் கிளீனரால் துடைத்துவிடுங்கள். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சார் பக்கம் அதைக் கொண்டே போகாதீர்கள், அதற்கென்று தனி ஸ்பிரே இருக்கிறது. சூடான இன்ஜின்மேல் எந்த ஸ்பிரேயும் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

காய வச்சேன், நல்லா ஓடுச்சு. இப்ப காலையில மட்டும் மிஸ் அடிக்குது, சூடான பிறகு நின்னுடுது. ஏன்?

பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கருப்புக் கோடு தெரியலாம். பூட்டின் உட்புறத்தில் அதற்கு நேராக இன்னொரு கோடு இருக்கும். ஈரம் இருந்த சமயத்தில் மின்சாரம் அந்த வழியாகப் பாய்ந்து கரி படிந்துவிட்டது. இனி தண்ணீரே இல்லாவிட்டாலும் அது ஒரு பாதை. காலைப் பனி ஈரம் சேர்ந்தால் போதும், மின்சாரம் அதில் ஓடும். இன்ஜின் சூடாகி ஈரம் போனால் மிஸ் நின்ற மாதிரி இருக்கும், ஆனால் நாளுக்கு நாள் மோசமாகும்.

இதைத் துடைத்து எடுக்க முடியாது. பிளக்கையும் பூட்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதில் இருக்கும் கோடு புதியதையும் கெடுத்துவிடும். பூட் தனியாகக் கிடைக்காத வண்டிகளில் காயிலோடு மாற்ற வேண்டியிருக்கும். ஈரத்தோடு 'ஓடத்தானே செய்கிறது' என்று வாரக்கணக்கில் ஓட்ட வேண்டாம் என்று நான் கெஞ்சுவது இந்தக் கோட்டுக்காகத்தான்.

எந்த சிலிண்டர் மிஸ் அடிக்குதுன்னு எப்படித் தெரியும்? நாலு காயிலும் மாத்தணும்ங்கறாங்க.

நாலையும் மாற்றுவதற்கு முன்னால் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் பிழை எண்ணை அது காட்டும். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே பி0304 வரை. பி0300 என்றால் ஒன்று என்று குறிப்பிட முடியாமல் பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது.

உதாரணத்துக்கு பி0303 வந்தது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எண் போட்டு வைத்த மூன்றாவது காயிலை முதல் சிலிண்டருக்கும், முதல் காயிலை மூன்றாவதுக்கும் மாற்றி மாட்டுங்கள். ஸ்கேனரில் அந்தப் பிழை எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0301 வந்தால் மிஸ் காயிலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறது, காயில்தான் கெட்டது. மறுபடியும் பி0303தான் என்றால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள். அதிலும் நகரவில்லை என்றால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் கப்ளர், ஒயர், கம்ப்ரெஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) என்று போக வேண்டும். செலவே இல்லாத சோதனை இது. ஒரு காயிலின் விலைக்கும் நாலு காயிலின் விலைக்கும் உள்ள வித்தியாசம் குடும்பத்துக்குப் பெரிய தொகை.

செக் லைட் விட்டு விட்டு எரியுது. மெதுவா ஓட்டிட்டே மெக்கானிக்கிட்ட போயிடலாமா?

விடாமல் எரிந்தால் மெதுவாகப் போகலாம். சிமிட்டிச் சிமிட்டி எரிந்தால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று பொருள். அது அளவுக்கு மீறிச் சூடாகி உள்ளே இருக்கும் பீங்கான் கூடு உருகிவிடும். ஒரு காயிலுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்தக் கன்வெர்ட்டரின் விலை பல மடங்கு.

நான் தண்ணியில ஓட்டவே இல்ல சார். தெருவுல நிறுத்தி வச்சிருந்தேன், மழை மட்டும்தான் பெஞ்சது.

வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் ஜல்லடையைப் பாருங்கள். கண்ணாடியில் விழும் மழை அங்கே இறங்கி, இரண்டு பக்கமும் உள்ள வடிகால் ஓட்டை வழியாகக் கீழே போக வேண்டும். வேப்பமரம், பூவரசு நிழலில் நிறுத்தும் வண்டிகளில் இலையும் பூவும் சேர்ந்து அந்த ஓட்டை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கி, வழிந்து, சில மாடல்களில் நேராகக் காயில்கள்மேல் சொட்டும். மழைக்கு முன்னால் அந்த இலைகளை வாரிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கீழே வடிகிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னொரு காரணம் எலி. ஓட்டேரி நல்லா ஓடை, கால்வாய் ஓரங்களில் தண்ணீர் ஏறினால் எலிகள் மேட்டைத் தேடும். இன்ஜின் மேல்தளம் சூடாகவும் காய்ந்தும் இருக்கும். இன்ஜெக்டர் ஒயரைக் கடித்துவிட்டால் மிஸ் ஈர மிஸ் மாதிரியே இருக்கும். காய வைத்தும் போகவில்லை என்றால் புழுக்கை, கடித்த ஒயர்த் துணுக்கு கிடக்கிறதா என்று தேடுங்கள்.

வாட்டர் வாஷ் விட்டு வாங்கினதுல இருந்துதான் மிஸ். வெள்ளமே இல்ல.

அதே நோய்தான். பிரஷர் தண்ணீரை இன்ஜின் தலைமேல் அடித்திருப்பார்கள், பிளக் குழி நிறைந்திருக்கும். மேலே சொன்னபடி காய வையுங்கள். அடுத்த தடவை பேனட்டுக்குள் ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கால் டாக்ஸி ஓட்டுறேன். சிஎன்ஜியில மிஸ் அடிக்குது, பெட்ரோலுக்கு மாத்தினா நல்லா ஓடுது. கேஸ் கிட் போயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. சிலிண்டருக்குள் சிஎன்ஜியைப் பற்றவைக்க பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். காயிலோ பிளக்கோ ஈரத்தாலோ கருப்புக் கோட்டாலோ கொஞ்சம் பலவீனமாகியிருந்தால் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் காட்டிக்கொடுத்துவிடும். கிட்டைத் தொடுவதற்கு முன் பிளக், பூட், காயில் மூன்றையும் சரிபாருங்கள். பிளக் இடைவெளியையும் உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவில் வைக்க வேண்டும். ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போகிறது, அதனால் மழைக்காலம் முழுக்க டிக்கியில் ஒரு பிளக் செட் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடது டீசல். ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அப்புறம் ஏன் மிஸ் அடிக்குது?

இரண்டு இடம் பாருங்கள். ஒன்று டீசல் ஃபில்டர். அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும், திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்தால் தண்ணீர் கீழே தனியாக நிற்பது தெரியும். தண்ணீர் கலந்த டீசலோடு ஓட்டினால் பம்ப்பும் இன்ஜெக்டரும் தேய்ந்துபோகும், அவை விலை உயர்ந்தவை. இன்னொன்று இன்ஜெக்டரின் கப்ளர்கள், ரெயில் பிரஷர் சென்சார், கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதை அளப்பது) ஆகியவற்றின் கப்ளர்கள்.

செல்ஃப் விஷயத்தில் டீசல்காரர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1250 சிசி டீசலில் பிஸ்டனுக்கு மேல் மிஞ்சும் இடம் சுமார் 20 மில்லிதான்.

பெட்ரோல்லயே தண்ணி கலந்திருக்குமோ? பங்க்குல போட்ட பிறகுதான் ஆரம்பிச்சுது.

இருக்கலாம். மூழ்கிய வண்டியின் டேங்கிலும் தண்ணீர் இறங்கியிருக்கலாம். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அளவு மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பம்ப் இழுப்பது டேங்கின் அடியிலிருந்துதான். அப்போது ஒரு சிலிண்டர் மட்டும் இல்லாமல் எல்லாமே திணறும், பி0300 வரும். கொஞ்சம் பெட்ரோலைத் தெளிவான கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்தால் இரண்டு அடுக்கு தெரியும். தெரிந்தால் டேங்கை முழுக்க வடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. மேலே புது பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

எங்கிட்ட பழைய மாருதி 800. இதெல்லாம் பொருந்துமா?

அதில் பிளக்குக்குப் பிளக் தனிக் காயில் கிடையாது, ஒரே காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பும் பிளக் ஒயர்களும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும். கேப்பைக் கழற்றி உள்ளே காய்ந்த துணியால் துடையுங்கள், வெடிப்பும் கருப்புக் கோடும் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் பேனட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ஒயர் எங்கே கசிகிறதோ அங்கே நீலப் பொறி தெரியும். கையை வைத்துப் பார்க்காதீர்கள்.

பிளக், காயில் எல்லாம் புதுசு. இன்னும் மிஸ் அடிக்குது. ஈசியூ போயிடுச்சுங்கறாங்க, மாத்திடவா?

இருங்கள். ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், கடைசியில்தான். முதலில் கம்ப்ரெஷன் டெஸ்ட் கேளுங்கள். யாரோ தண்ணீரோடு செல்ஃப் அடித்து, ராடு ஒரு துளி வளைந்திருந்தால் வண்டி ஓடும், ஆனால் அந்த சிலிண்டரில் மட்டும் கம்ப்ரெஷன் குறைந்திருக்கும். எத்தனை காயில் போட்டாலும் மிஸ் போகாது, அந்த ராடு ஒருநாள் முறியும். கம்ப்ரெஷன் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தால் கிராங்க் சென்சாருக்கு வாருங்கள். பல வண்டிகளில் அது இன்ஜினின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் முதலில் மூழ்குவது அதுதான். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமும் அசையாமல் இருந்தாலோ, ஓடும்போது முள் சட்டென்று விழுந்து எழுந்தாலோ அதன் கப்ளரைக் கவனியுங்கள். அடுத்தது இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர். ராயபுரம், காசிமேடு போன்ற கடலோரத் தெருக்களில் நிற்கும் வண்டிகளில் அது ஏற்கெனவே துருப்பிடித்துத்தான் இருக்கும், வெள்ளம் மிச்சத்தை முடித்துவிடும். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் வோல்டேஜையும் பாருங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே நின்றால் ஆல்டர்னேட்டர் சரியாக இல்லை.

இவ்வளவும் நன்றாக இருந்து, ஈசியூ கப்ளருக்குள் தண்ணீர்த் தடமோ பச்சையோ கண்ணால் தெரிந்தால் அப்போது அதைப் பற்றிப் பேசலாம். அதற்கும் முதலில் சுத்தம் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ்ல கிடைக்குமா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் வெள்ள நஷ்டம் சேரும். ஆனால் தண்ணீர் போன இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் உள்ளே உடைந்தது என்றால் அதைப் பின்விளைவு என்று சொல்லிப் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். அதற்குத்தான் இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாலிசி. புதுப்பிக்கும் மாதம் எதுவானாலும் மழைக்கு முன் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டி தண்ணீரில் நிற்கும்போதே, தண்ணீர் மட்டம் தெரியும்படி போட்டோ எடுங்கள். எதையும் கழற்றுவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்ட்ல ஒரு வண்டி பார்த்தேன், லேசா மிஸ் அடிக்குது. வெள்ளத்துல நின்ன வண்டியான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. பெல்ட்டே புதிதாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஸ்டெப்னி குழி, சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள், கார்ப்பெட்டுக்குக் கீழே போகும் ஒயர்கள் ஆகியவற்றில் துரு, வண்டல் பாருங்கள். பேனட்டுக்குள் இரண்டு கப்ளர்களைப் பிரித்து பின்களில் பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கருப்புக் கோட்டுக்காக ஒரு பிளக்கும், ராடுக்காகக் கம்ப்ரெஷன் டெஸ்டும். டெஸ்டுக்கு விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.